இருபத்தைந்தாவது ஊசி

முன் சீட்டில் ஜன்னலோரமாக, காதில் எதையோ செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மகள்தான். பெனிட்டா. அம்மாவும் மகளும் ஏன் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே பார்க்கிறீர்கள்? பக்கத்தில் இருந்தால் நான் பேசிக்கொண்டே வருவேனாம். கோயம்புத்தூர் வரைக்கும் அவளுக்குத் தாங்காதாம். நான் என்ன பேசுகிறேன்? கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். நீங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை, சரி. கேட்கத்தான் போகிறீர்கள்.

வேலைக்குப் போகிறாள். பம்புசெட்டுக்குள் வைக்கிற குட்டிக் கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டின் பின்பக்கம் ஒரு கொட்டகை, அதில் ஆறு பேர். போட்டோவில் பார்த்தேன், ஒருத்தனும் சட்டையை இன் பண்ணவில்லை. இந்த இடத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று நவம்பர் முழுக்கச் சொன்னவள் நான். இன்றைக்குப் பெட்டி கட்டிக் கூட்டிப்போகிறவளும் நான்.

எங்களுக்குத் தூத்துக்குடி. என் பெயர் ஜெசிந்தா. இவள் பெங்களூரில் பெரிய கம்பெனியில்தான் இருந்தாள். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்குகிற அட்டை, எல்லாம் உண்டு. ஆள் குறைக்கிறோம் என்று ஒரு நாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். 'ம்' என்பாள், 'ம்ஹும்' என்பாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். வீட்டில் ஒரு ஆள் இருக்கிற சத்தமே இல்லை. நான் பாளையங்கோட்டையில் பேங்க் பரீட்சைக்கு ஒரு வகுப்பு விசாரித்து, கைடு கூட வாங்கி அவள் மேசையில் வைத்தேன். அதன் மேல் காபி டம்ளரை வைத்துக் குடித்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"ம்மா, கோயம்புத்தூர்ல ஒரு வேலை வந்திருக்கு. நான் போறேன்."

"நீ பாளையங்கோட்டைக்குப் போற."

"நான் செய்யற வேலை உங்களுக்கு வெளையாட்டாத் தெரியுது."

"வெளையாட்டு இல்லன்னா காட்டு. ராப்பகலா ஒரு பலகையை வச்சு நோண்டிக்கிட்டு இருக்கேல்லா, அதை வச்சு நம்ம அன்பியத்துக்கு ஒரு குடில் செஞ்சு காட்டு. நடுவர் முன்னாடி அது ஒழுங்கா வேலை செஞ்சா, கோயம்புத்தூர்ல நானே கொண்டுவந்து விடுறேன். செய்யலைன்னா பேங்க் கிளாஸ்."

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் பேச்சு மாறக் கூடாது" என்றார். பேச்சு மாறுகிற பரம்பரையா நாங்கள்?

குடில் என்றால் என்ன விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் பங்கில் தெருவுக்கு ஒரு அன்பியம். இருபது முப்பது குடும்பம் சேர்ந்து செபம் சொல்வது, சாவு வீட்டுக்குப் போவது, எல்லாம் அன்பியமாகத்தான். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு அன்பியமும், ஆண்டவர் பிறந்த மாட்டுத் தொழுவம் மாதிரி ஒரு குடில் கட்டும். அதற்குப் போட்டி உண்டு, கோப்பை உண்டு. அந்தக் கோப்பை பல வருஷமாக என் அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் பாவம், ஒன்றும் தெரியாதவர். எல்லாம் ஸ்டெல்லா மைனிதான். அண்ணன் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. மீன் தொட்டியில் போடுகிற மோட்டாரை வைத்து ஒரு அருவி விடுவார்கள், அவ்வளவுதான் அவர்கள் குடில். பெத்லகேமில் ஏது அருவி? வேதாகமம் படித்த ஒருத்தராவது கேட்க வேண்டாமா? கேட்கமாட்டார்கள். குழாயில் தண்ணீர் வராத ஊரில் அருவியைக் கண்டால் யாருக்கும் வாய் பிளந்துவிடும். எனக்குப் போட்டி பொறாமையெல்லாம் கிடையாது, கான்வென்டில் படித்தவள். நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

பெனிட்டா எங்கள் வீட்டு முன் ஷெட்டில் வேலையை ஆரம்பித்தாள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் இரண்டு வரிசையாக நாற்பது ஊசி. பின் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு அது ஊசிதான்.

"இது முழுக் கம்ப்யூட்டர்மா, உள்ள லினக்ஸ் ஓடுது. திரையில நான் ஒரு வரி எழுதினா, நான் சொல்ற பின்னுக்கு மட்டும் கரண்ட் வரும். ஒண்ணுன்னு எழுதினா வரும், சைபர்னு எழுதினா நிக்கும்."

"அப்போ ஒண்ணு போட்டா நட்சத்திரம் எரியும்."

"இல்லம்மா. நட்சத்திரத்தை எரிக்கிற அளவுக்கு இந்தப் பின்னுக்குச் சக்தி கிடையாது. நடுவுல ரிலேன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. இந்த ரிலே தலைகீழ். சைபர் போட்டாத்தான் பிடிக்கும்."

"ஒண்ணுமில்லன்னு சொன்னா எரியுமா? எந்தப் புண்ணியவான் செஞ்சான் இதை?"

எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. ஒரே ஒரு நாள், அவள் கட்டாயப்படுத்தினாள் என்பதால், ஒரு வரி அடித்தேன். டிக் என்று ஒரு சத்தம். ஷெட் விட்டத்தில் வால்நட்சத்திரம் எரிந்தது. நான் சுவிட்சைத் தொடவில்லை, பாருங்கள். எழுதினேன், எரிந்தது. சரியாகத்தான் எரிகிறதா என்று பார்க்க இன்னும் சில தடவை அடித்தேன். "ம்மா, போதும், பல்பு போயிரும்" என்று சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நான் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பில் வேலை கிடந்தது.

இப்போது பாலன் விஷயத்துக்கு வருகிறேன். எங்களில் பாலனை, குழந்தை இயேசுவை, முன்கூட்டி வைக்கக் கூடாது. மாதா, சூசையப்பர், மாடு, ஆடு எல்லாரும் வந்துவிடலாம். தீவனத் தொட்டி மட்டும் காலியாகக் கிடக்கும். கிறிஸ்துமஸ் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி, மணி அடித்த பிறகுதான் பாலன். அதற்கு முன் வைத்தால் பங்கே தின்றுவிடும். பெனிட்டா என்ன யோசித்தாள் என்றால், பாலனை யார் கையும் வைக்காது. தொட்டிக்கு அடியில், கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மோட்டார் ஒன்று. நாங்கள் எல்லாரும் கோயிலில் பாடிக்கொண்டிருக்கும்போது, ஆளில்லாத ஷெட்டில், வைக்கோலை விலக்கிக்கொண்டு பாலன் தானாக எழுந்து வருவார். பூசை முடிந்து வந்து பார்த்தால் இருப்பார். அதற்கு முந்தின நாள் வருகிற நடுவர்களுக்கு நட்சத்திரம் எரிவதும் சம்மனசு, அதுதான் தேவதூதர், இறங்குவதும் மட்டும் காட்டுவது.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, சும்மா சொல்லக் கூடாது. மைனி முகம் வேறு கண்ணுக்குள் வந்து போனது.

நடுவர்கள் வருகிற நாள். பங்குக் குரு ஃபாதர் இன்னாசி ஒருவர், பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஆல்பர்ட்டினா ஒருவர். மத்தியானம் பெனிட்டா குளிக்கப் போனாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்க நான் ஷெட்டுக்குள் போனேன். பார்த்தால், மாட்டுக்குப் பின்னால், மாதாவின் தலைக்கு நேராக, வயர் வயராக இடியாப்பம் மாதிரி தொங்குகிறது. ஆண்டவர் பிறக்கிற இடம் அப்படியா இருக்கும்? கரண்ட் எல்லாம் நிறுத்தித்தான் வைத்திருந்தாள், நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. மூன்று வயரைக் கழற்றி, பாறை மாதிரி கசக்கி வைத்த தாளுக்குப் பின்னால் ஒழுங்காகக் கொண்டுபோனேன்.

கழற்றும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதியிருக்கிறாள். பதினேழு நட்சத்திரம், இருபத்திரண்டு சம்மனசு, இருபத்தைந்து பாலன். ஆனால் பதினேழு என்று எழுதியதைப் பதினோராவது ஊசியில் செருகியிருக்கிறாள். இருபத்திரண்டைப் பதினைந்தில். இருபத்தைந்தை இருபத்திரண்டில். எஞ்சினியரிங் படித்த பிள்ளை, எண்ணத் தெரியவில்லை. நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. பலகையோடு வந்த தாளில் படமே இருந்தது, ஒற்றை எண்கள் ஒரு வரிசை, இரட்டை எண்கள் ஒரு வரிசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணி, பதினேழைப் பதினேழில், இருபத்திரண்டை இருபத்திரண்டில், இருபத்தைந்தை இருபத்தைந்தில் செருகினேன். எங்கள் கான்வென்டில் பரீட்சைக்கு ஒரு பெஞ்சு மாறி உட்கார்ந்தால் சிஸ்டர் ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால்கூட அடிக்கமாட்டார்கள், விளிம்பால்தான் அடி. எண் என்றால் எண்.

அவளிடம் சொல்லவில்லை. நீ தப்பாகச் செருகியிருந்தாய் என்று சொல்லிக் காட்டினால் பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்கும், இல்லையா? விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அன்பியம் முழுக்க ஷெட்டில். ஃபாதர் வந்தார், சிஸ்டர் வந்தார். "சும்மா எட்டிப் பாக்க வந்தேன்" என்று ஸ்டெல்லா மைனியும் வந்து முன் வரிசையில் நின்றார்கள். பெனிட்டா விளக்கை அணைத்துவிட்டுக் குடிலின் சுவிட்சைப் போட்டாள். பலகை கண் விழிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் ஒரு செபம் சொல்லலாம் என்று நான் ஏற்பாடு. 'பிதா சுதன்' என்று ஆரம்பிக்கிறேன், கிர்ர் என்று ஒரு சத்தம். வைக்கோல் அசைகிறது. பாலன் எழுந்து வருகிறார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சிரித்த முகமாக, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்திலேயே.

நான் கைக்கு அகப்பட்ட ஆட்டை எடுத்து அவர் மேல் சாத்தினேன். ஆடு சரிந்து சூசையப்பர் காலடியில் விழுந்தது. இன்னொரு ஆட்டை எடுத்தேன்.

"ம்மா, விடுங்க" என்றாள் பெனிட்டா. பலகை விழித்துவிட்டது போல, மடிக் கணினியில் என்னவோ அடித்தாள். நட்சத்திரம் எரியவில்லை. மறுபடி அடித்தாள். சம்மனசு அசையவில்லை. சரி, பாலனையாவது உள்ளே அனுப்புவோம் என்று அதற்கு அடித்தாள். பாலன் போகவில்லை. மேலே நைலான் கயிற்றில் தொங்கிய சம்மனசு விறுவிறு என்று கீழே இறங்கினார். அதை மாற்றி அடித்தாள், சம்மனசு மேலே போனார். பாலனைப் போ என்றால் சம்மனசு வருகிறார், வா என்றால் சம்மனசு போகிறார். பாலன் சிரித்தபடி அப்படியே இருக்கிறார்.

"பிள்ளை பிறந்த பிறகு, பிறக்கப் போகுதுன்னு மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்ல வந்திருக்கார்போல" என்றார் ஃபாதர். கொஞ்சம் லேட்டாம்.

சிஸ்டர் ஆல்பர்ட்டினா சிரிக்கவில்லை. "இன்னும் திருவருகைக் காலம் முடியல, ஃபாதர்."

மைனி என் காதருகில் வந்தார்கள். காதருகில் என்றால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "என்ன ஜெசிந்தா, உங்க அன்பியத்துல பாலன் குறைமாசமால்லா பிறந்துட்டாரு."

பெனிட்டா பாறைத் தாளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று ஃபாதர் கேட்டார்.

"என் தப்பு, ஃபாதர். வயரை மாத்திச் செருகிட்டேன்."

கேட்டீர்களா? அத்தனை பேர் முன்னால், மைனி நிற்கும்போதே, தப்பு என் பேரில் என்று சொன்னாள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை சொல்லும்? வளர்ப்பு என்பது அதுதான். ஃபாதர் தலையசைத்துவிட்டு அடுத்த குடிலுக்குப் போனார். கோப்பை மறுபடி ஃபிரிட்ஜ் மேலேயே போய் ஏறியது.

சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "என்னதான் ஆச்சு பெனி?"

"பின்னுக்கு ரெண்டு நம்பர்ப்பா. பலகையில எத்தனாவது இடம்ங்கறது ஒண்ணு. உள்ள இருக்க சிப்பு வச்சிருக்க பேரு ஒண்ணு. நான் புரோகிராம்ல எழுதுறது சிப்பு நம்பர், டேப்புலயும் அதைத்தான் எழுதினேன். பாலன் வயர் இருபத்தஞ்சாவது இடத்துல இருந்துச்சு. அந்த இடம் கிரவுண்டு, அங்க எப்பவுமே சைபர். சைபர் போனா ரிலே பிடிச்சிரும். நான் என்ன எழுதினாலும் கேக்காது."

"டேப்புல எழுதினது நீ. உனக்குத் தெரியும்லா. பிறகு யாரு மாத்துனா?"

"நான்தான்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

ஒரே ஊசிக்கு இரண்டு எண். எங்கள் தெருவில் பழைய கதவெண், புதிய கதவெண் என்று இரண்டை எழுதிவைத்து, எங்கள் சிலிண்டர் இன்னும் எதிர்வீட்டில் இறங்குகிறது. பலகை செய்கிறவனுக்குமா புத்தி அப்படிப் போக வேண்டும்? இந்த இரண்டு எண் விஷயத்தை என்னிடம் முன்னாலேயே சொன்னாளாம். அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லியிருப்பாள். அச்சை எண்ணெயில் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் சொன்னால் அது சொன்னதாகுமா?

மறுநாளே அவள் எல்லாவற்றையும் சரிசெய்தாள். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்து பார்த்தால், நட்சத்திரம் எரிகிறது, பாலன் வைக்கோலில் இருக்கிறார், வாசலில் ஜனம் நெருக்கித் தள்ளுகிறது. மைனிகூட வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் பந்தயம் நடுவர் முன்னால் என்பது. அது முடிந்துபோனது.

பண்டிகை கழிந்த காலையில் பார்த்தேன், பெனிட்டா அந்த பேங்க் கைடை எடுத்து விரித்து உட்கார்ந்திருக்கிறாள். டம்ளர் வட்டத்தைத் துணியால் துடைத்திருக்கிறாள். பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறாள். "கிளாஸ் என்னைக்கும்மா ஆரம்பம்?" என்று கேட்டாள். ஒரு முறைப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சண்டை போட எனக்குத் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் மறுபடி 'ம்' என்றாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இந்தாங்க, அவ கோயம்புத்தூருக்கே போகட்டும்னா என்ன?"

"பந்தயம்னா பந்தயம்லா ஜெசி. பேச்சு மாறலாமா?" என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். வேண்டுமென்றே சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மனிதருக்கு ஊமைக் குசும்பு அதிகம்.

பேச்சு மாறமாட்டேன் நான். மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடிலைக் கலைக்கமாட்டோம். அன்றைக்குக் காலையில் ஒரு தட்டு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஃபாதர் வீட்டுக்குப் போனேன்.

"ஃபாதர், உங்க வேலை இன்னும் முடியல. எங்க குடிலை வந்து பாக்கணும்."

"கோப்பை கொடுத்தாச்சேம்மா."

"கோப்பை யாருக்கு வேணும்? நடுவர் முன்னாடி வேலை செய்யணும்னு வீட்டுல ஒரு பேச்சு. நீங்கதானே நடுவர். உங்களை யாரும் அதுலருந்து நீக்கலையே?"

ஃபாதர் முந்திரிக்கொத்தை மென்றுகொண்டே யோசித்தார். "சிஸ்டரையும் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

பெனிட்டாவிடம் சொன்னதும் முதலில் நம்பவில்லை. பிறகு ஷெட்டுக்குப் போய் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். வந்து கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். "நீங்க இங்கயே இருங்கம்மா. எந்திரிக்க வேண்டாம்" என்று சொல்லி, இரண்டு கையிலும் பிடிக்கிற மாதிரி பெரிய பலகாரத் தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு மூட்டு வலி உண்டு, அதற்காகத்தான்.

அங்கிருந்தபடியே பார்த்தேன். நட்சத்திரம் எரிந்தது. சம்மனசு இறங்கினார். சிஸ்டர் ஆல்பர்ட்டினா, "பாலன் ஒரு தடவை எழுந்திருக்கட்டுமே, இப்போதான் பிறந்தாச்சே" என்றார். பாலன் உள்ளே போனார், எழுந்து வந்தார். "இன்னொரு தடவை" என்றார் சிஸ்டர்.

நான் நாற்காலியிலிருந்தே சத்தமாகக் கேட்டேன். "ஃபாதர், வேலை செய்யுதா இல்லையா?"

"செய்யுதும்மா."

"யார் முன்னாடி செய்யுது?"

"என் முன்னாடிதான்."

"இந்தாங்க, கேட்டுக்கிட்டீங்களா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். "ஏ பெனி, கோயம்புத்தூருக்குக் காலையில பஸ் எத்தனை மணிக்கு?"

அவள் வந்து தாம்பாளத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அத்தனை பெரிய பிள்ளை, ஃபாதர் பார்க்கிறார் என்றுகூட இல்லாமல்.

"ம்மா, அந்த வயரு..."

"எந்த வயரு?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தாள்.

இதோ, மதுரை வந்துவிட்டது. நீங்கள் இங்கேதானே இறங்க வேண்டும்? போகிற வழியில் அவளிடம் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் என் தப்புதான் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் சரி. புது இடம், ஆறு பேர், அங்கே போயும் அடுத்தவர் தப்பையெல்லாம் தன் தப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றால் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? கோயம்புத்தூரில் இறங்குவதற்குள் அதை மட்டும் அவளிடம் பேச வேண்டும் என்று காலையிலிருந்து பார்க்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டீர்களா? பார்த்து இறங்குங்கள்.